பேராயர் சுமந்த மீன்கூடை

நான் பொய்ச் சாட்சியம் எழுதியவன்.

சொன்னவள் என் தாய். எழுதியவன் நான். அவள் சொன்னது ஒன்று, நான் எழுதியது வேறொன்று. அதோடு நின்றேனா... இல்லை. எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை இருப்பதுபோல் அவளுக்குப் படித்துக் காட்டினேன். படிக்கத் தெரியாத அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற ஒன்றுதான் எனக்கு இருக்கும் துணிச்சல்.

அந்தச் சாட்சியம் யாரைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு பெருநகரத்தில் கத்தோலிக்கப் பேராயராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றதும், பிறந்த மண் என்று கடலூருக்கு வந்து சேர்ந்தார். ஓர் ஓட்டு வீட்டில் தங்கி, பக்கத்திலேயே கடலோரப் பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒரு விடுதி நடத்தினார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவார். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கடிதம் எழுதுவார். வெள்ளிக்கிழமைதோறும் சிதம்பரத்துக்குப் போய், அங்கே மருத்துவமனையில் ஆள்துணை இல்லாத நோயாளிகளின் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். பிரசங்கம் செய்வதில்லை. உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

அவர் இறந்தபோது எங்கள் குப்பத்தில் இரண்டு நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. நாங்கள் இந்துக்கள். ஆனாலும் எங்கள் பெண்கள் செவ்வாய்க்கிழமைகளில் அவர் கல்லறையில் போய்க் கற்பூரம் ஏற்றுவார்கள். "இது என்னாம்மா மாரியாத்தா கோயிலா? மெழுகுவத்தி ஏத்துங்க" என்று காவலாளி கத்துவார். "ரெண்டும் வெளிச்சந்தானய்யா" என்று சொல்லிவிட்டு, என் அம்மா கற்பூரத்தையே ஏற்றுவாள்.

அவருக்குப் புனிதர் பட்டம் தர வேண்டும் என்று விசாரணை தொடங்கியது. பட்டம் என்றால் யாரோ ஒருவர் விரும்பிக் கொடுத்துவிடுவது அல்ல. அவரை அறிந்தவர்களிடமெல்லாம் சாட்சியம் வாங்க வேண்டும். நல்லது கெட்டது இரண்டையும் கேட்க வேண்டும். முதலில் எழுத்தர்கள் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதை எழுதி வாங்குவார்கள். அவற்றைப் படித்துப் பார்த்து, முக்கியமானவர்களை மட்டும் குருக்கள் அடங்கிய விசாரணை மன்றம் அழைத்து நேரில் கேட்கும். அங்கே பதிவானது முத்திரையிடப்பட்டு ரோமாபுரிக்குப் போகும்.

சிதம்பரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த எனக்கு அந்த எழுத்தர் வேலை கிடைத்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. இரண்டு மேசை, ஒரு பீரோ. பொறுப்பாளரான ஃபாதர் என்னை வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொல்லி உறுதிமொழி வாங்கினார். கேட்டதை எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். எழுதியதைச் சாட்சிக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே கையெழுத்து வாங்குவேன்.

என் வம்சத்திலேயே முதன்முதலாகப் பேனா பிடித்தவன் நான். அந்தக் கையைத்தான் அன்று வேதாகமத்தின் மேல் வைத்தேன்...

எதிர் மேசையில் அருள்தாஸ். கீரப்பாளையத்துக்காரன், தட்டச்சு அவன் பொறுப்பு. வாய் ஓயாத ஆள். முதல் நாளே கேட்டான்.

"மச்சான், அப்பா என்னா பண்றாரு?"

"மீன்வளத் துறையில."

"அட, ஆபீஸரா? அதான் சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம வருது!"

நான் மறுக்கவில்லை. என் அப்பா கேரளப் பக்கம் விசைப்படகில் கூலிக்கு வலை இழுக்கிறார். என் அம்மா அஞ்சாலாட்சி கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிறாள்.

இந்தப் பொய் மஞ்சக்குப்பத்தில் பிறந்ததல்ல. சிதம்பரத்தில் படித்தபோதே தொடங்கியது. ஒருமுறை அம்மா கருவாடும் வறுத்த சுறாவும் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். நான் தங்கியிருந்த மாணவர் விடுதிக்கே வந்துவிடப் போகிறாளே என்று பேருந்து நிலையத்துக்கே ஓடினேன். அவள் கையிலிருந்த பையை வாங்கக்கூட இல்லை. முதல் வார்த்தையாக நான் கேட்டது இதுதான்: "குளிச்சிட்டு வரக் கூடாதாம்மா? நாத்தம் தாங்கல."

அவள் சிரித்தாள். "குளிச்சிட்டுத்தான்டா வந்தேன். இது தோல்ல இல்ல, எலும்புல இருக்குது" என்றாள். அடுத்த பேருந்திலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன். ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கித் தரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, "உள்ள போடா, வெயிலு ஜாஸ்தியா இருக்குது" என்று என்னைத்தான் விரட்டினாள்!

வேலை கிடைத்ததும் அவளிடம் நான் சொன்ன முதல் செய்தி, "ஆபீஸ் பக்கம் மட்டும் வந்துடாதம்மா."

வந்தாள்.

சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று கல்லறை வாசலில் அறிவிப்பு வைத்திருந்தார்கள். யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் முற்பகலில் தலை நிமிர்ந்து பார்க்கிறேன்... வாசலில் நிற்கிறாள். கல்யாணத்துக்கு மட்டும் உடுத்துகிற அரக்குச் சேலை. முகத்தில் மஞ்சள். கூடையை எங்கேயோ கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அருள்தாஸ் மூக்கை உறிஞ்சினான். என் பக்கம் குனிந்து, "மச்சான், மீன்காரம்மா வந்தா பெல் அடிக்கவே வாணாம். தானா தெரிஞ்சிடுது பாத்தியா!" என்றான்.

நான் சிரித்தேன்.

ஆமாம், சிரித்தேன்! அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அந்தச் சிரிப்பிலிருந்து அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நொடிதான் தயங்கினாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம் சார். பெரிய சாமியாரப் பத்திச் சாட்சி சொல்ல வந்தேன் சார்" என்றாள்.

சார்!

என்னைப் பெற்றவள் என்னை அப்படி அழைத்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

படிவத்தை எடுத்தேன். பெயர் கேட்டேன். சொன்னாள். கணவர் பெயர் கேட்டேன். கட்டினவர் பெயரை அவள் வாயால் சொல்லும் வழக்கமில்லை. வழக்கமாக, பக்கத்தில் இருக்கும் நான்தான் சொல்வேன். அன்று சொல்லவில்லை. அவள் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். அதில் என் பெயரும் இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தபடியே நீட்டினாள்... புரிகிறதா உங்களுக்கு? அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும்.

"பிள்ளைங்க?"

"ஒரே பையன் சார். வெளியூர்ல பெரிய வேலயில இருக்கான். அவன் பேரெல்லாம் வாணாம் சார்."

அப்புறம் அவள் சொல்லத் தொடங்கினாள். அதை நான் ஒரு சொல் பிசகாமல் இன்னும் மனத்தில் வைத்திருக்கிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"என் புள்ளய விடுதியில சேக்கப் போனேன் சார். யாவாரத்துக்குப் போற வழி, கூட தலயில இருக்குது, புள்ள கையப் புடிச்சிக்கினு வரான். சாமி எங்கியோ கெளம்பி வராந்தாவுல நின்னாரு, வெள்ள அங்கி போட்டுக்கினு. நான் கூடய எறக்குனேன். மீன் தண்ணி அவரு அங்கியில தெறிச்சிப் போச்சி. கோவம் வந்துட்டுது சாமிக்கு. 'இந்த நாத்தத்தோட உள்ள வரக் கூடாதுன்னு தெரியாதா? போ வெளியே'ன்னுட்டாரு."

என் பேனா நின்றது.

"அப்படியா சொன்னார்?" என்றேன்.

"அப்டித்தான் சொன்னாரு. சாமி விஷயத்துல பொய் சொல்ல வருவனா சார்? நானும் வந்துட்டேன். அழுவல கிழுவல. கேட்டுப் பழகுன வார்த்ததான?"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனாலும்...

அவள் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை நான்தானே! பேராயர் அந்தச் சொல்லைச் சொன்னதும், நான் செய்ததையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கையை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

"மறுநா விடியக்காலம் பாத்தா, மீன் ஏலம் வுடுற எடத்துல சாமி நிக்கிறாரு! என்ன ஓரமாக் கூப்ட்டு, கையெடுத்துக் கும்புட்டாரு சார். 'உன்னப் போன்னு சொன்ன வாயால என்னால இன்னிக்குப் பூச வெக்க முடியலம்மா. பாதியில எறங்கி வந்துட்டேன். என்ன மன்னிச்சிடு'ன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சி. 'வுடு சாமி, பரவால்ல'ன்னேன். வுடல. என் கூடயப் புடுங்கித் தலயில வெச்சிக்கினாரு. தூக்கத் தெரியல சார் அவருக்கு! சும்மாடு இல்லாம வெச்சா மண்ட என்னாவும்? நான்தான் அவரு துண்ட வாங்கி வட்டமாச் சுருட்டித் தலயில வெச்சி விட்டேன். மெயின் ரோடு வரிக்கும் நடந்தாரு. மீன் தண்ணி கழுத்துல வழியுது, முதுவுல வழியுது. எங்க பொம்பளைங்களுக்கு ஒரே சிரிப்பு. 'சாமி, ஒரு வாட்டி கூவு சாமி, யாவாரம் ஆவட்டும்'னா ஒருத்தி. அவரும் கூவுனாரு சார், 'மீனோ மீனு'ன்னு. கொரலு வரல, பாவம்."

அருள்தாஸ் தட்டச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கூட தூக்குனதப் பாத்தவங்க இருக்காங்க சார். ஏன் தூக்குனாருன்னு எனக்கும் அவருக்குந்தான் தெரியும். அவரு போயிட்டாரு. அதான் வந்தேன். இத எழுதிக்குங்க."

இத எழுதிக்குங்க...

நான் எழுதியது இதோ: "ஏழை மீனவப் பெண்ணாகிய என்னையும் என் மகனையும் பேராயர் ஆண்டகை அவர்கள் அன்பொழுகப் பேசி வரவேற்று, அக்கணமே மகனை விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சினம்கொண்டு நான் ஒருபோதும் கண்டதில்லை."

எம்.ஏ. படித்த தமிழ்! பிழையே இல்லை.

ஏன் செய்தேன்? பேராயரின் பெயருக்குக் களங்கம் வரக் கூடாது என்று... அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு என்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தவர். அவருக்கு நான் செய்யும் நன்றி என்றுகூட நினைத்தேன்!

பொய். அவருடைய கோபத்தை மட்டும் மறைத்திருந்தால் அது நன்றி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் மன்னிப்புக் கேட்டதை ஏன் மறைத்தேன்? அதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்?

ஏனென்றால் அவர் சொன்ன அதே சொல்லை நானும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். சிதம்பரம் பேருந்து நிலையத்தில், ஊரறிய. அவர் ஓர் இரவுகூட அதைத் தாங்க முடியாமல், பூசையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். நான் ஆண்டுக்கணக்கில் உண்டு, உறங்கி, தேர்வெழுதி, பட்டம் வாங்கி இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் கையாலேயே அதை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவேன்?

இனி விதிப்படி, எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும்.

அருள்தாஸ் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தான். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வராந்தா, அங்கி, மீன் தண்ணீர், 'போ வெளியே', ஏலம், சும்மாடு, 'மீனோ மீனு'... எல்லாவற்றையும் அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். என் கண்கள்கூட வரிவரியாக இடமிருந்து வலம் நகர்ந்தன. அவ்வளவு திறமை!

அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், அறையில் வேறு யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "எவ்ளோ அழகா எழுதியிருக்கடா" என்றாள். அந்த ஒரு முறைதான் 'சார்' இல்லை.

மகளிர் குழுவில் கையெழுத்துக் கேட்டார்கள் என்று அவளுக்குப் பெயரெழுத நான்தான் கற்றுக் கொடுத்திருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். இரண்டு பிரதியிலும். ஒன்று அலுவலகத்துக்கு, மற்றது சாட்சிக்கு. அலுவலகப் பிரதியை அருள்தாஸ் கண்ணில் காட்டாமல் நானே தட்டச்சு செய்து கட்டில் சேர்த்தேன்.

சில மாதம் கழித்து ஒரு மாலை. அருள்தாஸ் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். ஃபாதர் கட்டுக்கட்டாகத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எல்லாச் சாட்சியும் ஒரே மாதிரி இருக்குதே. அன்பானவர், எளிமையானவர், கோவமே வராது. கோவமே வராத மனுஷன் யாருப்பா? தப்பு பண்ணிட்டு அதுலேர்ந்து எப்படி எழுந்தாருன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். இங்க பாரு, மீன்கூடை தூக்கினார்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. வேடிக்கைக்காகத் தூக்கினாராம். அவரு வேடிக்கை காட்டுற ஆளா? எனக்கென்னமோ உள்ள ஏதோ இருக்குன்னு தோணுது. நீங்க எழுதினவங்கள்ல யாராச்சும் அதப் பத்தி...?"

கதவு தானாகத் திறந்திருக்கிறது! ஒரு வாக்கியம் போதும். 'ஃபாதர், அஞ்சாலாட்சி என்று ஒருவர் இருக்கிறார், அவர் என் அம்மா.'

"இல்ல ஃபாதர்" என்றேன்.

அவர் பெருமூச்சுவிட்டு அடுத்த கட்டை எடுத்தார். மன்றம் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் தயாரானது. அதில் அவள் பெயர் இல்லை. அவள் பெயரில் இருந்த தாளில்தான் ஒன்றுமே இல்லையே, எதற்காக அழைப்பார்கள்?

ஆனால் அவள் காத்திருந்தாள். அந்த அரக்குச் சேலையைத் துவைத்து மடித்துத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள். "ஏன்டா, ரோமாபுரிக்கு அனுப்பறதுக்கு முன்னால சாமியாருங்க கூப்ட்டுக் கேப்பாங்கன்னியே, எப்ப கூப்புடுவாங்க?"

"வரிசையாக் கூப்புடுவாங்கம்மா."

"நான் வரும்போது மட்டும் நீ அந்தப் பக்கம் இல்லாமப் பாத்துக்க. எனக்கு வாய் தவறி உன் பேரு வந்துடும்."

பெட்டிகள் அரக்கு வைத்து முத்திரையிடப்பட்ட அன்று நானும் அங்கே நின்றேன். சிவப்பு நாடா, உருகும் அரக்கின் நெடி, கைதட்டல். அருள்தாஸ் என் தோளில் தட்டி, "நம்ம எழுத்து ரோமுக்குப் போவுது மச்சான்!" என்றான். நான் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதமே வேலையை விட்டேன். இப்போது சிதம்பரத்தில் ஒரு தனிப்பயிற்சி மையத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பேராயர் வெள்ளிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்த மருத்துவமனை வழியாகத்தான் தினமும் போகிறேன். ஃபாதருக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று எத்தனை முறை தாளை எடுத்திருப்பேன்! 'மதிப்பிற்குரிய ஃபாதர் அவர்களுக்கு' என்பதற்குக் கீழே இதுவரை ஒரு வரிகூட இறங்கவில்லை. நீங்கள் கேட்கலாம், எங்களிடம் இவ்வளவு எழுதுகிறாயே, அவருக்கு எழுதினால் என்ன என்று. அவருக்கு எழுதினால் அம்மாவை அழைப்பார். அழைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். பெட்டியில் என்ன போயிருக்கிறது என்பது மட்டுமா... நான் அன்று அவளுக்கு எதைப் படித்தேன் என்பதும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன்.

சுவரில் புதிதாக ஒன்று பளபளத்தது. சாமி படங்களுக்கும் பேராயரின் படத்துக்கும் நடுவே, அவளுடைய பிரதி. லேமினேஷன் செய்து மாட்டியிருந்தாள். குங்குமம்கூட வைத்திருந்தாள்.

"கடையில குடுத்துப் போட்டேன்டா. இனிமே தண்ணி பட்டாலும் போவாது, கறையானும் புடிக்காது" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். "எம் புள்ள எழுதுனது. படிடா, இவுங்களும் கேக்கட்டும்."

படித்தேன். மூன்று ஆண்டுகளில் இது எத்தனையாவது முறை என்று தெரியாது. அவள் சொன்னது இந்த உலகத்தில் வேறெங்கும் எழுதப்படவில்லை. அதனால்தான் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. மறக்க முடியாது.

'மெயின் ரோடு வரைக்கும் நடந்தார்' என்ற இடத்துக்கு வந்தபோது அவள் தடுத்தாள்.

"பாத்தியா, சும்மாட்ட விட்டுட்ட. அவசரமாப் படிக்கிற."

"ஆமாம்மா... விட்டுட்டேன்" என்று பின்னால் போய், அவர் துண்டை அவள் வட்டமாகச் சுருட்டித் தலையில் வைத்ததைச் சேர்த்துச் சொன்னேன்.

அவளுக்குத் திருப்தி. எழுந்து போய், அந்த வழவழப்பான தாளின் மேல் தன் விரலை வைத்தாள். செதில் சீவிச் சீவித் தடித்துப்போன விரல்.

"சும்மாடு இங்கதான இருக்குது?"

எட்டிப் பார்த்தேன். அவள் விரலுக்கு அடியில் இருந்தது, 'அன்பொழுகப் பேசி வரவேற்று.'

"ஆமாம்மா, அங்கதான்" என்றேன்.